வீட்டுக்கொரு கணக்குத் தகப்பன்

கணக்குத் தகப்பன் என்றொரு இனம் உண்டு. அருகிவரும் இனமோ என்று கவலைப்பட வேண்டாம். நன்றாகவே பெருகி வருகிறது. ஜெர்மனியில் ரூர் நகரங்கள் தொடங்கி ஸ்டுட்கார்ட் வரைக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் எந்தத் தமிழ் வீட்டு மணியை அழுத்தினாலும் கதவைத் திறப்பது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். மியூனிக் பக்கம், கணினி வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இதே இனத்தின் இன்னொரு கிளை வாழ்கிறது. அது 'கான்சன்ட்ரேட் பண்ணு' என்று ஆங்கிலம் கலந்து அதட்டும். எங்கள் கிளை 'எங்கை பிள்ளை உன்ரை மூளை?' என்று தமிழிலேயே அதட்டும். வித்தியாசம் அவ்வளவுதான். அழுகிற பிள்ளை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் அழும்.

ஆளை எப்படி அடையாளம் காண்பது? 'கணக்கு எங்கடை இரத்தத்திலை ஓடுது' என்று அடிக்கடி சொல்வார். இரத்தத்தில் தானாக ஓடுகிற சாமானைப் பின்னேரம் பின்னேரமாகப் பிள்ளையின் காது வழியாக ஏன் ஊற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கக் கூடாது. சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனை இருக்கும். எந்தப் பள்ளிக்கூடமும் அதை அவருக்குக் கொடுத்ததில்லை, தானே வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொறியியல் பீடத்தை ஒரேயொரு புள்ளியால் தவறவிட்டவராக இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த தகப்பன்மார் எல்லாரும் ஒரேயொரு புள்ளியால்தான் தவறவிட்டிருக்கிறார்கள். இரண்டு புள்ளியால் தவறவிட்ட ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பல்கலைக்கழகம் புகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் புள்ளி கேட்ட தரப்படுத்தல் என்ற அநியாயம் நடந்தது உண்மை. அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கொழும்பில் நடந்த அநியாயத்துக்குக் கெல்சென்கிர்ச்சனில் நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு சின்னப் பெண் ஏன் பரிகாரம் செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பொதுவாகக் கதைத்தால் ஒருவரும் தன்னைச் சொன்னதாக நினைக்க மாட்டார்கள். ஆகவே ஒருவரைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்துகிறேன்.

பெயர் தங்கராசா. எனக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை. மனைவி குமுதினி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். ஒரே மகள் கம்சனா. வாய் ஓயாத பிள்ளை. எங்கள் ஊரிலும் உலகக்கிண்ண ஆட்டங்கள் நடந்த அந்தக் கோடையில், எந்த அணி எத்தனை கோலால் வென்றால் எந்த அணி வீட்டுக்குப் போகும் என்பதைப் படிக்கட்டில் இருந்து எனக்கு விளக்கியவள் அவள்தான். விரல்கூட மடிக்கவில்லை. நான்தான் மடித்தேன்.

கோடை முடிந்தது. கம்சனா நாலாம் வகுப்புக்கு வந்தாள். இங்கே நாலாம் வகுப்பு என்றால் சும்மா இல்லை. அதோடு பிள்ளைகளைப் பிரித்து, கெட்டிக்காரர் கிம்னாசியத்துக்கு, நடுத்தரம் றியால்சூலவுக்கு, மிச்சம் ஹவுப்ட்சூலவுக்கு என்று வகுப்பு ஆசிரியை சிபாரிசு எழுதுவார். பத்து வயதில் எழுதிவிடுவார்கள். கம்சனாவுக்கு எழுதப்போகிறவர் அவளுடைய வகுப்பு ஆசிரியை பிராவ் நோவாக், அதாவது நோவாக் ரீச்சர். தங்கராசாவின் அகராதியில் கிம்னாசியம் என்றால் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம் என்றால் பொறியியல், பொறியியல் என்றால் அந்த ஒரு புள்ளி.

இனி அவர்களுடைய பின்னேரத்தைக் கேளுங்கள். நான் கேட்டேன், எங்கள் கட்டடத்தில் கூரைத் தட்டு மெல்லியது. வேலையால் வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்து, சாப்பாட்டு மேசைக்குத் தங்கராசா வருவார். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துப் புதினங்களைச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, அப்பா கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டதும் ஊமையாகிவிடும்.

"ஏழெட்டு எத்தினை?"

பென்சில் மேசையில் உருளும் சத்தம்.

"ஏழெட்டு எத்தினை பிள்ளை? லேசான கேள்விதானே?"

"ஐம்பத்து... நாலு?"

"என்ன?"

"ஐம்பத்தாறு."

"அப்ப ஏன் முதல் நாலு எண்டனீ? தெரிஞ்சு சொல்லுறியோ, இல்லாட்டிக் குத்துமதிப்போ?"

இதற்கு எந்தப் பிள்ளையால் மறுமொழி சொல்ல முடியும்? தெரியும் என்றால், ஏன் பிழைவிட்டாய்? தெரியாது என்றால், ஏன் தெரியாது? கணக்குத் தகப்பனின் கேள்விக்கு எப்போதும் இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் பிழை.

பிறகு பிரசங்கம் தொடங்கும். தாங்கள் குப்பி விளக்கில் படித்தது, வாத்தியாரின் பிரம்பு, வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னாலும் சொன்னது. பிரசங்கத்தின் முடிவில் சிநேகிதர் அன்ரனுடைய மகன் நிசாந் வருவான். "அன்ரன்ரை பொடியனைப் பார். பின்னமெல்லாம் செய்யிறான்." இரண்டு தெரு தள்ளி அன்ரன் வீட்டில் அதே பின்னேரம் நிசாந்துக்கு, "தங்கராசா அண்ணையின்ரை பிள்ளையைப் பார், என்ன மாதிரி இருந்து படிக்குது" என்று சொல்லப்படுவது கம்சனாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் வெறுக்காமல் இருந்திருக்கும்.

வகுத்தல் வந்ததும் நிலைமை மோசமானது. கம்சனா பள்ளிக்கூடத்தில் படித்தபடி எழுதினாள்: பெரிய எண், அதன் பக்கத்தில் வகுத்தல் குறியாக இரண்டு புள்ளி, பிறகு சின்ன எண், சமன் போட்டு வலப்பக்கத்தில் விடை. தங்கராசா அதைக் கண்டு பாம்பைக் கண்டவர் போலப் பதறினார்.

"இதென்ன கூத்து? விடை மேலையல்லோ வரவேணும்!"

"பிராவ் நோவாக் இப்பிடித்தான் காட்டினவ அப்பா."

"அவவுக்கு என்ன தெரியும்? நான் தூய கணிதமும் பிரயோக கணிதமும் செய்தவன்."

அழிறப்பரை எடுத்து அவரே அழித்தார். யாழ்ப்பாணத்து முறைப்படி எண்ணுக்கு மேலே ஒரு கூரையைக் கீறி, விடையைக் கூரையில் ஏற்றினார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பிராவ் நோவாக் அந்தக் கூரையைப் பார்த்து, இதுவும் சரிதான், ஆனால் வகுப்பில் எல்லாரும் செய்வது போலச் செய்யம்மா என்றார். பின்னேரம் மறுபடியும் கூரை. காலையில் ஒரு கணிதம், பின்னேரம் ஒரு கணிதம். இரண்டு கணிதத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளை.

வயிற்றுக்குத்து அப்போதுதான் தொடங்கியது. கணக்குப் பாடம் இருக்கிற காலையில் மட்டும் வரும் வயிற்றுக்குத்து. டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார், ஒன்றுமில்லை. தங்கராசா விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்து, பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினார். பால் நிறுத்தப்பட்டது. வயிற்றுக்குத்து பால் இல்லாமலே தொடர்ந்தது.

பிறகு வகுப்பில் பரீட்சை வந்தது. கம்சனா முதல் கணக்கைப் பள்ளிக்கூட முறையில் தொடங்கினாள். அப்பா நினைவுக்கு வந்தார், அழித்தாள். கூரை கீறினாள். பிராவ் நோவாக் மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார், அழித்தாள். திரும்ப எழுதினாள், திரும்ப அழித்தாள். மணி அடித்தபோது அந்தத் தாளில் விடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மற்றக் கணக்குகளைத் தொடவேயில்லை. புள்ளி ஐந்து. இங்கே ஒன்றுதான் திறம். ஐந்து என்றால் கிட்டத்தட்டக் கடைசி.

தங்கராசா அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நோயைக் கண்டுபிடித்தார்.

"பயிற்சி காணாது."

நெருப்பு அணையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பெற்றோல் ஊற்றுவதுதானே முறை? லண்டன் மச்சானிடமிருந்தும் கனடாத் தங்கச்சியிடமிருந்தும் பயிற்சிப் புத்தகங்கள் வந்து இறங்கின. மேல்மாடியில் கதிரை இழுபடும் சத்தம் சனி ஞாயிறுகளிலும் கேட்கத் தொடங்கியது. கம்சனா படிக்கட்டில் என்னோடு கதைப்பதை நிறுத்தினாள்.

பெற்றோர் சந்திப்பு நாள் வந்தது. இதற்குப் பிறகு நடந்ததைத் தங்கராசாவும் சொன்னார், குமுதினியும் சொன்னார். இரண்டும் வேறு வேறு கதைகள். நான் குமுதினியுடையதையே நம்புகிறேன்.

பிராவ் நோவாக் ஊர்க்காரி. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "கம்சனாவுக்குக் கணக்கு வரும்" என்றுதான் தொடங்கினார். "விளையாட்டாகச் செய்யும்போது வகுப்பில் முதலில் முடிப்பவளே அவள்தான். பரீட்சைத் தாளைக் கண்டால் கை நடுங்குகிறது. அவளுடைய மூளை முழுவதும் பயத்தைச் சமாளிப்பதிலேயே செலவாகிறது. கணக்குக்கு மிச்சமில்லை."

"பயம் இருக்கத்தானே வேண்டும்?" என்று தங்கராசா தன் தொழிற்சாலை ஜெர்மனில் கேட்டார். "எங்களுடைய கணக்கு வாத்தியாரைக் கண்டால் நாங்கள் நடுங்குவோம். அப்படித்தான் படித்தோம்."

"எல்லாருமா?"

"இல்லையில்லை. நாங்கள் நாலைந்து பேர்தான் கடைசிவரைக்கும் தாக்குப்பிடித்தோம். மற்றவர்கள் பயத்தில் கணக்கையே விட்டுவிட்டார்கள்."

இதைப் பெருமையாகச் சொன்னாராம். பிராவ் நோவாக் மேசையிலிருந்த நாட்காட்டியைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "தை மாதம் நான் சிபாரிசு எழுத வேண்டும். அதுவரைக்கும் வீட்டில் கணக்கு வேண்டாம். ஒரு கேள்விகூட வேண்டாம்."

தங்கராசா வாயைத் திறக்க முதல் குமுதினி ஜெர்மனில் "யா" என்று சம்மதித்துவிட்டார். பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் முந்திக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பீடி குடிப்பவரிடம் பீடியைப் பறித்தால் என்ன செய்வார்? ஒளித்துக் குடிப்பார். வீட்டில்தானே கூடாது என்றார்கள்? காரில் போகும்போது, "முன்னுக்குப் போற காரின்ரை நம்பர் மூண்டாலை பிரிபடுமோ? சும்மா கேக்கிறன்." கடையில், "இந்தப் பெட்டியிலை எத்தினை தோடம்பழம், எண்ணாமல் சொல்லு பாப்பம். சும்மாதான்." சாப்பிடும்போது அப்பளத்தை உடைத்து அதன் பின்னங்கள் பற்றி ஒரு சின்ன விசாரணை. அதுவும் சும்மா. இந்த இனத்தின் மொழியில் 'சும்மா' என்றால் பரீட்சை என்று அர்த்தம்.

ஒருநாள் குமுதினி அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, பிள்ளை இனி உங்களோடை காரிலை வரமாட்டாளாம். நடந்து வாறாளாம்."

"மழையுக்கையோ?"

"ஓம். மழை பரவாயில்லையாம்."

அன்றைக்கு அப்பளம் முழுசாகவே சாப்பிடப்பட்டது.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு பிற்பகல். இப்போது பிள்ளைகளுக்கு எப்படிக் கணக்குக் காட்டுகிறோம் என்று பெற்றோருக்கும் காட்டுவதற்காக. மெழுகுதிரி, பிஸ்கற், கோப்பி. பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு இருந்தார்கள். பிராவ் நோவாக் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதினார். நாலாயிரத்து இருநூற்று முப்பத்தாறு, இரண்டு புள்ளி, நாலு. பெரியவர்களில் யாராவது செய்து பார்க்கிறீர்களா என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

ஜெர்மன் பெற்றோர் சப்பாத்தைப் பார்த்தார்கள். "எனக்குக் கணக்கு எந்தக் காலத்திலும் வராது" என்றார் ஒரு தகப்பன், ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரி. அவர் பக்கத்தில் இருந்த அவருடைய மகன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். அது இன்னொரு இனம். அதைப்பற்றி இன்னொருவர் எழுதட்டும்.

தங்கராசாவின் கை உயர்ந்தது. யாரும் கேட்கவில்லை, குமுதினி சட்டையைப் பிடித்தும் இழுத்தார். நிற்கவில்லை. தூய கணிதம், பிரயோக கணிதம்! சபை, கரும்பலகை, வெண்கட்டி! இருபது வருடமாகக் காத்திருந்த மேடை. போனார். வெண்கட்டியை எடுத்தார். எண்ணுக்கு மேலே ஒரு கூரை கீறினார்.

"அது என்ன, வீடா?" என்று ஒரு சின்னப் பொடியன் கேட்டான். உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டான். வகுப்பு சிரித்தது. பெற்றோரும் சிரித்தார்கள்.

தங்கராசா கூரையை அழித்தார். சமன் குறி போட்டார். இனி எங்கே எழுதுவது? வலப்பக்கமா, கீழேயா? எதில் தொடங்குவது? இருபது பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடுவது கேட்டது. "அவசரமில்லை, ஆறுதலாகச் செய்யுங்கள்" என்றார் பிராவ் நோவாக் அன்பாக. அன்பு இன்னும் மோசமாக்கியது. காது சுட்டது. நாலாம் வாய்ப்பாடு, பின்னாலிருந்து முன்னாலும் சொன்ன அதே வாய்ப்பாடு, எங்கோ போய் ஒளித்துக்கொண்டது. வெண்கட்டி பலகையில் பட்டு 'டிக் டிக்' என்று அடித்தது. கை நடுங்கினால் அப்படித்தான் அடிக்கும்.

முன்வரிசையில் இருந்த கம்சனா அதைக் கேட்டாள். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். அவளுக்கு அது என்னவென்று தெரியும். எழும்பிப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, மெதுவாகத் தமிழில் கேட்டாள்:

"அப்பா, வயித்துக்குள்ளை ஒரு மாதிரிக் கிடக்கோ?"

சபையில் நிற்பதை மறந்து அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "ஓம் பிள்ளை."

"அப்பிடித்தான் கிடக்கும். போய்த் தண்ணி குடியுங்கோ. நான் செய்யிறன்."

வெண்கட்டியை வாங்கினாள். நாலில் நாலு ஒருமுறை போகும். இரண்டில் நாலு போகாது, அதற்காகச் சும்மா விடக்கூடாது, சைபர் போட வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள் என்று ஜெர்மனில் வகுப்புக்கு விளங்கப்படுத்திக்கொண்டே போனாள். ஆயிரத்து ஐம்பத்தொன்பது. மிச்சமில்லை. கை தட்டினார்கள். அவள் பயப்படவில்லையா என்று நான் பிறகு குமுதினியைக் கேட்டேன். "தேப்பனைப் பார்த்துப் பாவப்பட்டதிலை அவளுக்குத் தன்ரை பயம் மறந்துபோச்சு" என்றார்.

தங்கராசா சொன்ன கதையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்ரனிடம் அவர் சொன்னது இது: "வேணுமெண்டுதான் அன்ரன் பேசாமல் நிண்டனான். பிள்ளைக்குத் துணிவு வரட்டும் எண்டு. அது ஒரு முறை." அன்ரன் பக்தியோடு கேட்டு, "ஓம் அண்ணை, நல்ல முறை. நானும் நிசாந்துக்குச் செய்து பாக்கப் போறன்" என்றார்.

ஆனால் அன்று கம்சனாவும் காரில் ஏறினாளாம், வீட்டுக்கு வரும்வரை அவர் கணக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். வீட்டுக்கு வந்தும் மேலங்கியைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தாராம். சாப்பாட்டுக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உனக்கு ஒவ்வொரு நாளும் வயித்துக்குள்ளை அப்பிடியோ கிடக்கிறது?"

"ஒவ்வொரு நாளும் இல்லை அப்பா. நீங்கள் கதிரையை இழுக்கேக்கை மட்டும்."

இதற்கு மேல் அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று குமுதினி எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மேல்மாடியில் கதிரை இழுபடவில்லை. கம்சனா வீட்டுப்பாடம் செய்கிற நேரத்தில் தங்கராசா சமையலறைக்குள் போய் வெங்காயம் உரித்தார். நல்ல மாற்றம்தான், ஆனால் கறியில் வெங்காயம் கூடிவிட்டது என்று குமுதினிக்குக் கவலை. மேசையில் பென்சில் சத்தம் நின்றுவிட்டால் உள்ளேயிருந்து ஒரு செருமல் வரும். உடனே குமுதினியின் செருமல் அதைவிடப் பலமாக வரும். பென்சில் மறுபடியும் ஓடும்.

தை மாதம் சிபாரிசு வந்தது. கிம்னாசியத்துக்கு ஓரளவு பொருத்தம் என்று எழுதியிருந்தது. அந்த 'ஓரளவு' தங்கராசாவின் நெஞ்சில் மறுபடியும் ஒரு புள்ளியாகக் குத்தியது. சண்டைக்குப் போக மேலங்கியைப் போட்டுவிட்டார். ஆனால் பிராவ் நோவாக் எங்கே போக விருப்பம் என்று ஏற்கனவே கம்சனாவிடமே கேட்டிருந்தார்; அவளும், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற கெசாம்ட்சூலவுக்கு என்று சொல்லியிருந்தாள். குமுதினி கையெழுத்துப் போட்டார். தங்கராசா மேலங்கியைக் கழற்றிவிட்டு, லண்டனுக்கும் கனடாவுக்கும் தொலைபேசி எடுத்து, கெசாம்ட்சூல என்பதும் ஒருவகைக் கிம்னாசியம்தான், கொஞ்சம் பெரியது, என்று விளக்கம் கொடுத்தார்.

இப்போது கம்சனா ஏழாம் வகுப்பு. கணக்கில் இரண்டு எடுக்கிறாள், சிலவேளை மூன்று. படிக்கட்டில் திரும்பவும் என்னோடு கதைக்கிறாள். எல்லாம் சுகமாகிவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பரீட்சை நாளில் இன்னமும் காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டாள். போட்ட பயத்தை வெளியே எடுக்க, போட்டதைவிடக் கூடக் காலம் எடுக்கிறது. அந்தக் காலைகளில் தங்கராசா அவளுக்குப் பாண் கட்டிக் கொடுத்துவிட்டு, ஜன்னலடியில் நின்று அவள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். வாய் மட்டும் மெல்ல அசையும். வாய்ப்பாடா, தேவாரமா என்று கீழே தெருவில் நிற்கிற எனக்குக் கேட்பதில்லை.

இதை வாசித்துவிட்டு, 'எங்களுக்குத் தெரிந்த ஒருவரை அப்படியே எழுதியிருக்கிறார்' என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அந்த இனமில்லை; உங்களிடம் சிவப்புப் பேனை கிடையாது; உங்கள் வீட்டில் பிள்ளைகள் சுதந்திரமாக வளர்கிறார்கள். நல்லது. வருகிற சனிக்கிழமை ஏதோ ஒரு மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போவீர்கள். யாருடையவோ பிள்ளை ஒன்று கேக் தட்டோடு உங்கள் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் அன்பாகக் கன்னத்தைத் தட்டுவீர்கள், பெயர் கேட்பீர்கள், எத்தனையாம் வகுப்பு என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு 'ஏழெட்டு...' என்று உங்கள் வாய் தானாகத் திறக்கும்.

தயவுசெய்து அந்த வாய்க்குள் கேக்கை வைத்துவிடுங்கள்.